பல்லிவாலைத் தின்ற சாரைக்குட்டி: சோழவந்தான் பக்கம் மீட்ட முட்டைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆனி மாதம் முதல் வாரம். சோழவந்தான் பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரு தென்னந்தோப்பு. மூன்று வருடமாகச் சேர்ந்து கிடந்த தேங்காய் மட்டைக் குவியலை அள்ளிவிட்டுப் பாதை போட ஜேசிபி வந்திருந்தது. இரண்டாவது தடவை அள்ளும்போதே ஓட்டுநர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவிட்டார். மட்டைக்குள்ளிருந்து ஏழடி நீளத்தில் ஒன்று பாய்ந்து, வரப்பைத் தாண்டி வாழைக்குள் போய் மறைந்ததாம். அது கிடந்த குழியில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள்.

தோப்புக்காரர் என்னைக் கூப்பிட்டபோது, "தம்பி, நல்லபாம்பு முட்டை போட்டிருக்கு, சீக்கிரம் வாங்க" என்றார். போய்ப் பார்த்தால், வேலையாள் ஒருவர் செல்போனில் பிடித்து வைத்திருந்த காட்சியில் எல்லாம் தெளிவாக இருந்தது. பெரிய உருண்டைக் கண், கீழுதட்டில் பேனாவால் கோடு போட்டதுபோல் கருப்பு வரிகள், படம் எடுக்காத ஒல்லிக் கழுத்து. சாரை. மட்டைக்குள் கிடந்த சட்டையையும் எடுத்துக் காட்டினேன். ஆனாலும் அவர் முகத்தில் முழு நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் நின்ற அப்பத்தா, "சாரைதான்டா ஆம்பளை, நாகம் பொம்பளை. அப்போ முட்டை நாகத்து முட்டைதானே?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குத் தோப்பில் நின்றபடியே பதில் சொல்லி முடிக்க முடியாது என்று விட்டுவிட்டேன். பின்னால் சொல்கிறேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. பாம்பு பிடிக்கும் நண்பர்கள் பலரிடம் முட்டை பொரித்த அனுபவம் இருக்கிறது. பொரித்த குட்டியை இரையெடுக்க வைத்த அனுபவத்தைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. எட்டுக் குட்டிகளில் மூன்றை நான் ஊட்ட வேண்டி வந்தது. ஒன்று செத்தது, அதில் என் தவறும் உண்டு.

முட்டையை எடுத்த விதம்

குழியில் மொத்தம் 13. இரண்டு ஜேசிபி பல் பட்டு உடைந்திருந்தன. மீதி 11 ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தன. பாம்பு முட்டை கோழி முட்டைபோல் ஓடு உடையது அல்ல. தோல்பை மாதிரி இருக்கும், அமுக்கினால் லேசாக உள்வாங்கும். இட்ட கொஞ்ச நேரத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். பிரிக்க முயன்றால் தோல் கிழியும்.

அதைவிட முக்கியமானது, புரட்டக் கூடாது என்பது. கோழி அடைகாக்கும்போது முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். பாம்பு முட்டையில் கரு முதல் ஓரிரு நாளிலேயே மேல்பக்கத்தில் ஒட்டி நின்றுவிடும். அதற்கப்புறம் தலைகீழாகப் போனால் கரு தன் மஞ்சள்கரு எடையாலேயே நசுங்கவோ மூச்சு முட்டவோ வாய்ப்பு உண்டு. அதனால் கையை வைப்பதற்கு முன் ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பேனா மை வேண்டாம், தோல் வழியே உள்ளே இறங்கலாம். கொத்தை அப்படியே கையகல மட்டைத் தூளோடு சேர்த்து அள்ளி டப்பாவில் வைத்தேன். புள்ளி எப்போதும் வானத்தைப் பார்த்தபடி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த முட்டைகளுக்கு அந்த மட்டைக் குவியலைவிட நல்ல அடைகாப்பான் கிடையாது. உள்ளே ஈரம், மேலே காப்பு, வெளியே வெயில் 38 டிகிரி அடித்தாலும் ஒரு முழம் உள்ளே கதகதப்பு மட்டும்தான். இன்றைக்கு இதே அழைப்பு வந்தால், "அண்ணே, அந்த மூலையை மட்டும் ரெண்டு மாசம் விட்டு வைங்க, பாதையைச் சுத்திப் போடுங்க" என்றுதான் முதலில் கேட்பேன். அன்று கேட்கத் தோன்றவில்லை. குவியலில் பாதிக்கு மேல் கலைந்துவிட்டதும், ஜேசிபிக்கு மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

சாரை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் உயிர். அதன் முட்டையும் அப்படியே. வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். ஆகவே அன்று மாலையே வனத்துறைக்குத் தகவல் கொடுத்து, வனவர் வந்து எண்ணிப் பார்த்து, பொரித்து விடுவிப்பதற்கு மட்டும் என்று எழுத்தில் அனுமதி வாங்கிய பின்தான் முட்டைகள் என் அறைக்குள் வந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் குவியலைக் கிளறப் போக வேண்டாம்.

சூடு தணிக்க ஒரு பானை

பாம்பு முட்டை பொரிப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் சூடேற்றுவது எப்படி என்றே இருக்கும்: பல்பு, வெப்பத் தகடு, தெர்மோஸ்டாட். மதுரையில் ஆனி மாதம் பிரச்சினையே தலைகீழ். என் அறையில் மத்தியானம் 35 டிகிரி. இந்த மாதிரி முட்டைகளுக்கு 28 முதல் 30 டிகிரி போதும். 32க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் முதுகெலும்பு வளைந்த குட்டியோ, முட்டைக்குள்ளேயே செத்த குட்டியோதான் கிடைக்கும்.

வீட்டில் சும்மா கிடந்த தண்ணீர்ப் பானையை எடுத்தேன். அகலத் தட்டில் ஆற்றுமணல் பரப்பி, அதை நனைத்து, பானையை அதில் பாதி புதைத்து வைத்தேன். பானைக்குள் இரண்டு செங்கல் துண்டு, அதன்மேல் முட்டை டப்பா, பானை வாயில் ஈரத்துணி. டப்பாவில் தென்னை நார்க்கழிவு. அதை நனைக்கும் பதம்: உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக் கூடாது. காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் ஊற்றினால் பானைக்குள் 29, 30லேயே நின்றது. வெப்பமானியின் கம்பியைத் துணி ஓரமாக உள்ளே விட்டு வைத்திருந்தேன். கரண்ட் போனாலும் கவலை இல்லை என்பது இதில் பெரிய நிம்மதி.

நாலாம் நாள் இருட்டில் செல்போன் விளக்கை முட்டையோரம் வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் சிவப்பு நரம்புகள் சிலந்திவலை மாதிரி தெரிந்தன. ஒன்று வெறும் மஞ்சளாக இருந்தது. அது பத்து நாளில் சுருங்கி அழுகியது. இன்னொன்றில் பூஞ்சை. கொத்தை உடைக்காமல், அந்த இரண்டின்மேல் மட்டும் காய்ந்த கரித்தூளைத் தூவினேன். பக்கத்து முட்டைகளுக்குப் பரவவில்லை. உயிருள்ள முட்டை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், ஓரளவு உண்மைதான்.

எடுத்ததிலிருந்து 52ஆம் நாள், ஆடி கடைசியில், முதல் முட்டையில் கீறல் விழுந்தது. மூக்கு நுனியில் இருக்கும் சின்ன முட்டைப்பல்லால் தோலைக் கீறி, தலையை மட்டும் வெளியே நீட்டி, ஒரு பகல் ஒரு ராத்திரி அப்படியே இருந்தது. அவசரப்பட்டு இழுத்துவிடக் கூடாது. அந்த நேரத்தில்தான் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகிறது. மூன்று நாளில் எட்டுக் குட்டி. ஒன்பதாவது முழுசாக வளர்ந்தும் கீறாமலேயே உள்ளே செத்திருந்தது. காரணம் எனக்குத் தெரியவில்லை.

சாண் இரண்டு நீளம், பென்சில் கனம், முன்பாதியில் வெளிர்ப் பட்டைகள். நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கி வைத்திருந்தேன்: ஏழு குட்டிகள் 11 முதல் 14 கிராம் வரை, எட்டாவது 9 கிராம். பிறந்து பத்து நிமிடம்கூட ஆகாத ஒன்று என் கட்டைவிரலைக் கொத்தியது. ரத்தம்கூட வரவில்லை, ஆனால் அதன் மனநிலை தெரிந்துவிட்டது.

சாட்டைப் பாம்புக்காரர்களிடம் கற்றது

பிறந்த குட்டிக்கு உடனே இரை தேவையில்லை. வயிற்றில் போன மஞ்சள்கரு இரண்டு மூன்று வாரத்துக்குத் தாங்கும். முதல் சட்டை உரிக்கும்வரை பெரும்பாலான குட்டிகள் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஐந்து குட்டிகள் 9ஆம் நாளுக்கும் 12ஆம் நாளுக்கும் நடுவில் ஒழுங்காகச் சட்டை உரித்தன. அவற்றை ஊட்டிப் பார்க்கவே இல்லை. தண்ணீர் குடித்ததா, தொப்புள் மூடிவிட்டதா, தொட்டால் சீறுகிறதா என்று மட்டும் பார்த்து, வனக்காப்பாளர் முன்னிலையில் காலை வெயில் ஏறும் நேரத்தில் கால்வாய்க்கரை நெடுக வேறு வேறு இடத்தில் விட்டோம். சாரை பகலில் திரியும் பாம்பு, ராத்திரி விடுவதில் அர்த்தமில்லை.

மீதி மூன்று சரியில்லை. டப்பாக்களில் அ, ஆ, இ என்று எழுதி ஒட்டினேன்.

'அ' குட்டிக்கு மூக்கு புண். நான்தான் காரணம். காற்றோட்டத்துக்கு என்று கம்பிவலை மூடி போட்டிருந்தேன், அது பகல் முழுக்க வலையில் மூக்கை முட்டி முட்டித் தோலைத் தேய்த்துக்கொண்டது. 'ஆ' சட்டை உரித்தது, ஆனால் கண்மேல் இருக்கும் கண்ணாடித் தோல் மட்டும் இரண்டு கண்ணிலும் ஒட்டிக்கொண்டது. அறைக்காற்று காய்ந்திருந்ததன் விளைவு. 'இ' அந்த 9 கிராம் குட்டி. தொப்புள் மூடாமல் வயிற்றில் சின்னக் கட்டி தெரிந்தது.

இப்படி ஒரு சிக்கல் வந்தபோது சாரைக்குட்டியை ஊட்டிய குறிப்பு எதுவும் கையில் இல்லை. அப்போது உதவியது அமெரிக்காவில் கோச்விப் என்கிற பாம்பை இனப்பெருக்கம் செய்பவர்களின் அனுபவம். குதிரைவண்டிச் சாட்டை என்று பொருள். வாலில் செதில்கள் பின்னிய சாட்டை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அதன் அறிவியல் பெயரான மாஸ்டிகோபிஸ் பிளாஜெல்லம் என்பதிலும் இரண்டு பாதியிலும் சாட்டைதான் இருக்கிறது, ஒன்று கிரேக்கம், ஒன்று லத்தீன். அமெரிக்காவின் தெற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் வாழ்கிறது. அந்த ஊர்க் கிராமங்களில், அது ஆளைத் துரத்தி வந்து வாலால் விளாசும் என்றொரு நம்பிக்கை உண்டு. நம் ஊரில் சாரை வாலால் அடித்தால் அந்த இடம் அழுகும் என்பார்கள். இரண்டும் பொய். ஆனால் கடல் தாண்டி இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிப் பாம்புக்கு ஒரே மாதிரிப் பொய் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒற்றுமை பொய்யோடு நிற்கவில்லை. இரண்டும் பகல் வேட்டைக்காரர்கள். இரண்டுக்கும் பெரிய கண். தலையைத் தூக்கிப் பார்த்து, அசைவதைத் துரத்திப் பிடிப்பவை. இரண்டும் இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வதில்லை. கவ்வி, உடலால் தரையோடு அமுக்கி, பெரும்பாலும் உயிரோடே விழுங்கும். இரண்டையும் கூண்டில் வைத்தால் மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். கோச்விப் குட்டிகள் எலிக்குஞ்சைச் சீண்டாது, பல்லி ஓணான் வகையும் பூச்சியும்தான் அதற்கு இரை. அதனால் வளர்ப்பவர்கள் எலிக்குஞ்சின்மேல் பல்லியைத் தேய்த்து வாசனை ஏற்றிக் கொடுப்பார்கள். சாரைக்குட்டியும் காட்டில் சின்னத் தவளை, தேரை, பல்லி, அரணை என்றுதான் தொடங்குகிறது. எலியெல்லாம் அது வளர்ந்து பெரிதான பின்தான்.

இது எல்லாம் தெரிந்தபிறகும் நான் முதலில் செய்தது தப்பு.

எறும்பு வந்த ராத்திரி

சோளப்பாம்பு என்று வெளிநாடுகளில் எல்லோரும் வளர்க்கும் ஒரு சாதுவான பாம்பு உண்டு. அதன் குட்டி இரையெடுக்காவிட்டால் செத்த எலிக்குஞ்சோடு ஒரு சின்ன டப்பாவில் போட்டு, இருட்டில் ராத்திரி முழுக்க விட்டுவிடு என்பது வழக்கமான யோசனை. நானும் அப்படியே 'அ'வையும் 'ஆ'வையும் விட்டேன். ரோமம் முளைக்காத வெள்ளெலிக் குஞ்சுகள். வளர்ப்பு எலி விற்பவரிடம் வாங்கியவை.

விடியற்காலை மூன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவன் சும்மா ஒரு பார்வை பார்த்தேன். டப்பாவின் காற்றுத் துளைகள் வழியாக ஒரு கோடு போய்க்கொண்டிருந்தது. சிற்றெறும்பு. எலிக்குஞ்சைக் காணவில்லை, எறும்புதான் எலிக்குஞ்சு வடிவத்தில் இருந்தது. 'ஆ' மூலையில் தலையை உடம்புக்கு அடியில் சொருகிக்கொண்டு கிடந்தது, வாலில் ஏழெட்டு எறும்பு கவ்வியபடி. ஒவ்வொன்றாகச் சாமணத்தில் பிடுங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினேன். வால் நுனி கருத்து, ஒரு வாரத்தில் உதிர்ந்தது.

எங்கள் ஆச்சி வீட்டில் சாப்பாட்டு அலமாரியின் நாலு காலுக்கும் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைத்திருப்பார்கள். சின்ன வயதில் தினமும் பார்த்தது. மறுநாள் மேசையின் நாலு காலுக்கும் அதே ஏற்பாடு. ஏன் முதல்நாளே தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.

எறும்பு ஒரு பக்கம் இருக்கட்டும், யோசனையே இந்தப் பாம்புக்குப் பொருந்தாதது. இருட்டில், அசையாத, பழக்கமில்லாத வாசனை உள்ள பொருள் சாரைக்கு இரையே இல்லை. அதன் கணக்கில் இரை என்றால் வெளிச்சத்தில் ஓட வேண்டும்.

வால்

அதற்கப்புறம் சாமணத்தில் எலிக்குஞ்சைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். 'அ' பயந்து டப்பாவின் மறுகோடிக்குப் போய் எதிர்ச்சுவரில் முட்டியது. மேலிருந்து வரும் கையின் நிழல் அதற்குப் பருந்தின் நிழல். கம்பிவலையை எடுத்துவிட்டு மெல்லிய பருத்தித் துணி கட்டினேன். டப்பாவின் மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டினேன். உள்ளே காய்ந்த பலா இலை நாலைந்து. தண்ணீரைக் கிண்ணத்தில் வைப்பதோடு இலையிலும் தெளித்தேன். கிண்ணத்தைச் சீண்டாத குட்டிகள் இலையில் நிற்கும் சொட்டில் வாய் வைத்து, தாடை மெல்ல அசைய, ஒரு நிமிடம் போலக் குடித்தன. நாலு நாள் டப்பாவைத் தொடவே இல்லை. 'அ'வின் மூக்கு ஆறத் தொடங்கியது.

ஐந்தாம் நாள் சாயங்காலம், அலமாரிக்குப் பின்னால் இருந்த பல்லியைப் பிடிக்கப் போனேன். வாசனை ஏற்றுவதற்குத் தேய்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று நினைப்பு. பல்லி ஓடிவிட்டது, வால் மட்டும் தரையில் விழுந்து துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கணம் யோசித்தேன். அப்படியே எடுத்து 'அ'வின் டப்பாவில் ஓர் இலைமேல் போட்டேன்.

குட்டி இலைகளுக்கு அடியில் இருந்தது. வால் துள்ளும் சத்தம், இலையில் தட்தட்டென்று. முதலில் தலை மட்டும் வெளியே வந்தது. ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி, கழுத்து லேசாக இடமும் வலமும் ஆட, நாக்கு வேகமாக வெளியே போய் வந்தது. நான் மூச்சுவிடவில்லை. அப்புறம் ஒரு பாய்ச்சல். நடுவில் கவ்வியது, தவறான இடம். தாடையை மாற்றி மாற்றி நகர்த்தி, வெட்டுண்ட தடித்த முனைக்கு வந்து, அங்கிருந்து உள்ளே தள்ளத் தொடங்கியது. விழுங்கும்போதும் வால் துள்ளிக்கொண்டே இருந்ததால், குட்டியின் கழுத்து வெளியிலிருந்து பார்க்க யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோல் எழுந்து எழுந்து தணிந்தது. முடிந்ததும் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி. இடம்பெயர்ந்த தாடையைச் சரிசெய்துகொள்வது.

பல்லிவாலில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்கலாம். பல்லி கொழுப்பைச் சேர்த்து வைப்பதே வாலில்தான். அதைவிட, இரை என்றால் இது என்று அந்தக் குட்டிக்கு உடம்பில் பதிந்திருந்தது வெளியே வந்துவிட்டது. ஆறு நாள் கழித்து இரண்டாவது முறை, எலிக்குஞ்சின் தலையில் இன்னொரு வாலின் வெட்டுமுனையை நன்றாகத் தேய்த்து, நூலில் கட்டி, நூலை ஒரு நீள ஈர்க்குச்சியின் நுனியில் கட்டி, கையை டப்பாவுக்கு வெளியே தூரத்தில் வைத்துக்கொண்டு இலைமேல் இழுத்தேன். தூண்டில் போடுவது மாதிரிதான். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நூலை இழுத்துக் கழற்றிவிட்டேன். நூல் உள்ளே போய்விடாமல் உருவு முடிச்சாகப் போடுவது முக்கியம், இழுத்தால் கழன்று வந்துவிட வேண்டும்.

அத்தோடு எலிக்குஞ்சை நிறுத்தினேன். இங்கேதான் கோச்விப் வளர்ப்பவர்களின் வழியும் நம் வழியும் பிரிகிறது. அவர்களுடைய பாம்பு ஆயுள் முழுக்கக் கூண்டில் இருக்கப் போவது. பல்லி வாசனையை ஒவ்வொரு வேளையும் குறைத்துக் குறைத்து, கடைசியில் உறைந்த எலியையே தின்னப் பழக்குவது அவர்களுக்குத் தேவை. நமக்குத் தேவை நாலு வாரத்தில் தோப்புக்குத் திரும்பும் குட்டி. கையின் பக்கத்தில் வெள்ளெலி கிடைக்கும் என்று அதற்குக் கற்றுக்கொடுப்பது உதவி ஆகாது.

ஆவணியில் இரண்டு மழை பெய்தது. மழை பெய்த மறுநாள் காலை கால்வாய்ச் சாலையில் வண்டிச் சக்கரத்தில் அடிபட்ட சின்னத் தவளைகள் கிடக்கும். நசுங்காத, புதிதாக இறந்தவற்றை மட்டும் பொறுக்கிக் கழுவி, உறைபெட்டியில் மூன்று வாரம் போட்டு வைத்தேன். ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் அதில் செத்துவிடும். வீட்டுக்காரி அந்த மூன்று வாரமும் ஐஸ் வாங்கச் சொல்லவில்லை.

'ஆ'வின் கதை சுருக்கம். கண் தெரியாத பாம்பிடம் இரையை ஆட்டி என்ன பயன்? ஈரத்துணிப் பைக்குள் ஒரு மணி நேரம் விட்டு எடுத்ததில், மறுநாள் ஒரு கண்ணாடித் தோலும் அதற்கடுத்த நாள் இன்னொன்றும் தானாகவே துணியில் உரசிக் கழன்றன. நகத்தால் உரிக்கப் போயிருந்தால் கண் போயிருக்கும். கண் தெளிந்த மூன்றாம் நாள் அதுவும் ஒரு பல்லிவாலைப் பிடித்தது. அதன்பின், உறைய வைத்து எடுத்த தவளைக் காலை ஈர்க்குச்சித் தூண்டிலில் இழுத்தால் விடவே விடாது. அறுந்த வால்நுனி அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

'இ'

இதை எழுதத்தான் தயக்கம். 'இ' எதையும் சீண்டவில்லை. பல்லிவால் துள்ளியது, பார்த்தது, இலைக்கு அடியில் போய்விட்டது. 24ஆம் நாள் எடை 8 கிராமுக்குக் கீழே வந்தது. பயந்துபோய் வாயைத் திறந்து வைத்து வால்துண்டு ஒன்றை உள்ளே தள்ளி, தொண்டையை வெளியிலிருந்து மெல்ல நீவிவிட்டேன். அன்று உள்ளே போயிற்று. மூன்றாம் நாள் அப்படியே கக்கியது. 29ஆம் நாள் காலை செத்துக் கிடந்தது.

கால்நடை மருத்துவர் ஒருவர் திறந்து பார்த்தார். மஞ்சள்கரு உறிஞ்சப்படாமல், பாதி கெட்டியாகி, நாற்றத்தோடு வயிற்றிலேயே இருந்தது. சீழ். இரையை அது பிடிவாதத்தால் மறுக்கவில்லை. வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்தது, கெட்டதால் நிறைந்திருந்தது. தொப்புள் கட்டியைப் பார்த்த முதல்நாளே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். நான் எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் திணிப்பது கடைசி வழி என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் தெரியாதபோது அது வழியே அல்ல என்று இப்போது சொல்வேன்.

மூன்று குட்டிகளை வைத்துக்கொண்டு பொதுவிதி எழுத முடியாது. 'அ' தானாகவே இன்னும் ஒரு வாரம் கழித்து எலிக்குஞ்சையே எடுத்திருக்குமோ என்னவோ. ஆனால் இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் நான் செய்யும் வரிசை மாறிவிட்டது: முதலில் தண்ணீர், அடுத்து மறைவிடம், அப்புறம் கண்ணும் தொப்புளும் சரியா என்று பார்ப்பது, சட்டை உரியும்வரை சும்மா இருப்பது, எல்லாம் ஆனபிறகு பகல் வெளிச்சத்தில் அசையும் இரை. வாசனை அதற்கும் பின்னால்.

திரும்பக் கொண்டுபோனது

விடும்போது 'அ' 12 கிராமிலிருந்து 19க்கும், 'ஆ' 11லிருந்து 16க்கும் வந்திருந்தன. இரண்டும் நாலைந்து வேளை எடுத்திருந்தன. புரட்டாசி நடுவில், வனக்காப்பாளரோடு அதே தோப்புக்குப் போனோம்.

அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னேன். சாரையிலும் ஆண் உண்டு, பெண் உண்டு, நாகத்திலும் அப்படியே. சாரையும் நாகமும் பிணைந்து ஆடுவதாகச் சொல்வது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. பெண்ணுக்காக ஒன்றையொன்று தரையில் சாய்க்கப் பார்க்கும், கடிக்காது. அதன்மேல் வெள்ளைத்துணி போட்டால் புதையல் வருமா என்றார். துணி அழுக்காகும் என்றேன். மாட்டு மடியில் பால் குடிக்குமா என்று அடுத்தது. பாம்பின் வாயில் உறிஞ்சும் உதடு கிடையாது அப்பத்தா, தவிர அதற்கு உள்நோக்கி வளைந்த அத்தனை பல். மாடு சும்மா நிற்குமா? அவர் யோசித்தார். "எங்க மாடு நிக்காது" என்றார்.

தோப்புக்காரர் மட்டைக் குவியலின் மிச்சத்தை வேலியோரம் தள்ளி வைத்திருந்தார். பாதை அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. நான் கேட்கவில்லை. கால்வாய்க்கரையில் விடலாம் என்று நான் நடக்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணையாவது இங்கேயே விடுங்க. எலி மரமேறிக் குரும்பையெல்லாம் கடிச்சுப் போடுது."

"அண்ணே, இது எலி பிடிக்க இன்னும் ரெண்டு வருசம் ஆகும்."

"ஆகட்டும். மரமும் இங்கதான் இருக்கும்."

வனக்காப்பாளரைப் பார்த்தேன். தலையாட்டினார். 'அ'வின் டப்பாவைக் குவியலோரம் சாய்த்துத் திறந்தேன். தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்தது, அப்புறம் மட்டை இடுக்கில் புகுந்தது. வால் நுனி கடைசியாகப் போயிற்று.